மீன்தொட்டியில் வேண்டாத சிற்றுயிர்கள்: இனம் காண்பதும் கட்டுப்படுத்துவதும்

விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, இருட்டில் மீன்தொட்டியின் கண்ணாடி மீது டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தால், பகலில் கண்ணில் படாத ஒரு கூட்டம் அங்கே நடமாடுவது தெரியும். நூலிழை போன்ற வெள்ளைப் புழுக்கள், புள்ளி புள்ளியாகத் துள்ளும் உயிர்கள், சரளைக்குள்ளிருந்து மேலேறி வரும் கூம்பு வடிவ நத்தைகள் என ஒவ்வொன்றாகத் தென்படும்போது, ஆசையாக வளர்த்த தொட்டி கெட்டுப்போய்விட்டதோ என்ற கலக்கம் எவருக்கும் வரும். ஆனால் அன்றிரவே மருந்தைத் தேடி ஓட வேண்டிய நிலை மிகச் சில தொட்டிகளில்தான் ஏற்படுகிறது. நன்னீர்த் தொட்டிக்கு அழையாமல் வந்து சேரும் சிற்றுயிர்களில் பெரும்பாலானவை மீன்களுக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை; சில, மீன்களுக்கே நல்ல இரை. மீனையோ இறாலையோ உண்மையில் தாக்கக்கூடியவை சில இனங்களே. வந்திருப்பது எது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே தண்ணீரில் மருந்து விழ வேண்டும் என்பதை முதல் விதியாகக் கொள்ளுங்கள்.

இனம் காணும் முறை

ஒரு சொட்டுக்குழாயால் அந்த உயிரை உறிஞ்சி, வெள்ளை நிறக் கிண்ணத்தில் சிறிது தொட்டித் தண்ணீருடன் விடுங்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடி இருந்தால் போதும். கைப்பேசிக் கேமராவில் காணொளியாக எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் வேலை நடக்கும். உருவத்தைக் காட்டிலும் நகரும் விதத்தை முதலில் கவனிப்பது நல்லது. மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை உயிர்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும், நகர்ச்சியோ ஏமாற்றாது.

தண்ணீரில் எஸ் எழுத்துப் போல வளைந்து நெளிந்து நீந்துவது, கழிவுகளை உண்ணும் வளையப் புழு. மண்புழுவின் உறவான இது அடிமணலுக்குள் வாழ்ந்து, மீந்த உணவையும் மட்கிய இலையையும் தின்று தீர்க்கிறது. கண்ணாடியின் மேல் நெளியாமல், எண்ணெய் வழிவதுபோல் வழுக்கிச் செல்வது தட்டைப்புழு. அதன் தலை அம்பு முனைபோல் முக்கோணமாக இருந்து, அதில் இரண்டு கண்புள்ளிகளும் தெரிந்தால் அது பிளனேரியா. தலை மழுங்கலாக, உடல் ஓரிரு மில்லிமீட்டர் அளவிலேயே இருந்தால் அது பெரும்பாலும் தீங்கற்ற சிறு தட்டைப்புழு வகை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு தேவையில்லாமல் மருந்திட்டவர்கள் பலர் என்பதால், இந்த வேறுபாட்டை அவசரமின்றிப் பார்த்துத் தெளிவது அவசியம். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, மெல்லிய தண்டின் நுனியில் சில இழைகளை விரித்து வைத்திருந்து, தொட்டவுடன் சிறு உருண்டையாகச் சுருங்கினால் அது ஹைட்ரா. விட்டு விட்டுத் துள்ளும் வெள்ளைப் புள்ளிகள் சைக்ளாப்ஸ் வகை. பெண் உயிரின் வால்பக்கத்தில் இரண்டு முட்டைப் பைகள் தொங்குவதைக் கைக்கண்ணாடியில் காணலாம். பயறு வடிவ ஓட்டுக்குள் இருந்துகொண்டு உருண்டு உருண்டு ஓடுவது விதை இறால் எனப்படும் ஆஸ்ட்ரகாட்.

சைக்ளாப்ஸ், ஆஸ்ட்ரகாட், நீர்த்தெள்ளு எனப்படும் டாஃப்னியா, வளையப் புழு ஆகிய நான்குக்கும் மருந்தே வேண்டாம். சிறு மீன்கள் இருக்கும் தொட்டியில் இவை இரையாகவே முடிந்துவிடும். இறால் மட்டும் உள்ள தொட்டியில் இவை பெருகினாலும் இறாலுக்குக் கேடில்லை. ஆயினும் வளையப் புழுக்கள் மணலை விட்டு வெளியேறிக் கூட்டமாகக் கண்ணாடியில் ஏறினால், அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அடிமணலில் கழிவு மிகுந்து ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

பெருக்கத்தின் வேர் உணவில் இருக்கிறது

சிற்றுயிர்கள் தொட்டிக்குள் வருவது செடியுடனோ, புதிய மீன் வந்த பையின் தண்ணீருடனோ, பிற தொட்டியிலிருந்து எடுத்த சரளையுடனோ இருக்கலாம். ஆனால் வந்தவை பத்தா, பத்தாயிரமா என்பதைத் தீர்மானிப்பது நாம் போடும் உணவு. மீன்கள் இரண்டு நிமிடங்களுக்குள் தின்று முடிக்காத எதுவும் அடிமணலில் இருப்பவற்றின் பங்காகிறது. இதை மாற்றாமல் மருந்து மட்டும் இட்டால், ஒரு மாதத்தில் அதே கூட்டம் திரும்பி வரும். அல்லது அதன் இடத்தை வேறொரு கூட்டம் பிடிக்கும்.

ஆகவே எந்த உயிராக இருந்தாலும் முதல் மூன்று வாரங்களுக்கு இதையே செய்யுங்கள். உணவின் அளவைப் பாதியாகக் குறைத்து, வாரத்தில் ஒரு நாள் உணவே போடாமல் விடுங்கள். நலமாக உள்ள வளர்ந்த மீன்களுக்கு ஒரு நாள் பட்டினியால் எந்தப் பாதிப்பும் இல்லை. வாரம் ஒருமுறை, தொட்டித் தண்ணீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றும்போது, சைஃபன் குழாயின் வாயைச் சரளைக்குள் செலுத்திக் கழிவை உறிஞ்சி எடுங்கள். சரளை முழுவதையும் ஒரே நாளில் கிளறாமல், மூன்றில் ஒரு பகுதியாக மாற்றி மாற்றிச் செய்வது நல்லது. மீன்கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சான அம்மோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றித் தரும் பாக்டீரியாக்கள் சரளையிலும் ஒட்டி வாழ்கின்றன. வடிகட்டியின் ஸ்பாஞ்சை, அப்போது வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரில் பிழிந்து கழுவுங்கள். அழுகும் இலைகளைக் கிள்ளி எறியுங்கள். குஞ்சுகளை வளர்ப்பவர்களுக்கு மட்டும் இதைக் கடைப்பிடிப்பது கடினம். அவற்றுக்கு அடிக்கடி உணவு போட்டே ஆக வேண்டும் என்பதால், வேளைக்குப் போடும் அளவைக் குறைத்து, மீந்ததை அரை மணி நேரத்தில் குழாயால் எடுத்துவிடுவதுதான் அவர்களுக்குரிய வழி.

நத்தைகள்

வேண்டாத விருந்தாளி என்றதும் பெரும்பாலோர் நினைப்பது நத்தையைத்தான். தொட்டிகளில் அடிக்கடி வந்து சேருபவை மூன்று. சிறுநீர்ப்பை நத்தை என்று அழைக்கப்படும் பைசெல்லாவின் ஓட்டை, கூர்நுனி மேலே இருக்குமாறு நிமிர்த்தி வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், வாய் இடப்பக்கம் திறந்திருக்கும். இந்த அடையாளத்தைக் கொண்டே அதை எளிதில் கண்டுகொள்ளலாம். ஆட்டுக்கொம்புபோல் தட்டையாகச் சுருண்டிருப்பது ராம்ஸ்ஹார்ன். நீண்ட கூம்பாக, பகலில் சரளைக்குள் புதைந்து கிடப்பது மலேசிய எக்காள நத்தை. முதல் இரண்டும் ஒரே உடலில் ஆண், பெண் இரு உறுப்புகளையும் கொண்டவை; துணையின்றித் தாமே கருவுறவும் அவற்றால் இயலும். எக்காள நத்தையிலோ பெண் ஆணின் துணையில்லாமல் பெருகி, முட்டையிடாமல் குட்டிகளையே ஈனுகிறது. எனவே தப்பித்தவறி ஒற்றை நத்தை வந்தாலும் ஒரு கூட்டம் உருவாகிவிடும்.

என் கருத்தில், பத்திருபது நத்தைகள் உள்ள தொட்டியில் நத்தைப் பிரச்சினை என்ற ஒன்றே இல்லை. அவை கண்ணாடிப் பாசியையும் அழுகிய இலையையும் தின்கின்றன. எக்காள நத்தை சரளையைக் கிளறி இறுகவிடாமல் காக்கிறது. செடியின் நல்ல இலையை இவை தின்பதாகப் பலர் குறை கூறினாலும், பெரும்பாலும் இவை மொய்ப்பது ஏற்கெனவே ஊட்டம் குறைந்து சிதைந்துகொண்டிருக்கும் இலையைத்தான். கண்ணாடி முழுவதும் நத்தையாகிவிட்டால்தான் குறைக்க வேண்டும்.

குறைப்பதற்கு வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டு அல்லது லெட்யூஸ் இலை போதும். இரவில் அதை ஒரு சிறு தட்டில் வைத்துத் தொட்டிக்குள் இறக்கி, விடியுமுன் நத்தைகளோடு வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் விடாமல் செய்தால் எண்ணிக்கை கண்கூடாகக் குறையும். செடியின் அடியிலும் கண்ணாடியிலும் ஒட்டியுள்ள, தெளிவான கூழ் போன்ற முட்டைத் திட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் அவை ஒன்றிரண்டு வாரங்களில் பொரித்துவிடும். அசாசின் நத்தை எனப்படும் மஞ்சளும் கருப்புமான கோடுகள் கொண்ட இனம் பிற நத்தைகளை வேட்டையாடித் தின்னும். மெதுவாக ஆனால் நிச்சயமாக வேலை செய்யும் அது, நாம் விரும்பி வளர்க்கும் சிறு நத்தைகளையும் விட்டுவைக்காது. நத்தை தின்னும் லோச் மீன்களை இந்த ஒரு வேலைக்காக வாங்க வேண்டாம். கிளவுன் லோச் போன்றவை ஓர் அடிக்குமேல் நீளம் வளர்ந்து, கூட்டமாக வாழும் இயல்புடையவை. சிறு தொட்டி அவற்றுக்குச் சிறை.

நத்தை மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது செம்பு. இதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். தொட்டி வைத்த தொடக்க ஆண்டுகளில், நத்தைகள் மிகுந்துவிட்ட பொறுமையின்மையில் செம்பு கலந்த மருந்தை இட்டேன். இரண்டு நாளில் நத்தைகள் எல்லாம் இறந்தன. நூற்றுக்கணக்கான உடல்கள் சரளைக்குள் அழுகி, தண்ணீர் பால்போல் கலங்கி, அம்மோனியா ஏறி, நான்காம் நாள் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறின. மூன்று மீன்களை இழந்தேன். பல வாரங்கள் கழித்து அதே தொட்டியில் விட்ட இறால்களும் பிழைக்கவில்லை. செம்பு என்பது இறால், நத்தை போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்கு மிகக் குறைந்த அளவிலும் நஞ்சு. சரளையிலும் பிற பரப்புகளிலும் படிந்து பின்னரும் கசியக்கூடியது. இறால் வளர்க்கும் எண்ணம் எப்போதேனும் இருந்தால், செம்பு மருந்தைத் தொட்டியருகே கொண்டுவராதீர்கள்.

பிளனேரியா

இறால் தொட்டியில் உண்மையாகவே கவலைப்பட வேண்டிய உயிர் இது. பிறந்த இறால் குஞ்சுகளையும், தோலுரித்து மென்மையாக இருக்கும் இறால்களையும் பிளனேரியா தாக்கும். சினைகொண்ட இறால்கள் இருந்தும் குஞ்சுகளே நிலைப்பதில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மீன்கள் மட்டும் உள்ள தொட்டியிலோ இதனால் பெரிய ஆபத்தில்லை. அங்கே உணவைக் குறைத்துப் பொறி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கண்ணாடியில் நகரும் பிளனேரியாவை நசுக்குவதோ, பிளேடால் சுரண்டுவதோ கூடாது. வெட்டுண்ட துண்டுகள் முழு உயிர்களாக வளரும் ஆற்றலுக்கு இது பேர்போனது. அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன் 1898-இல் செய்த ஆய்வுகளில், உடலின் 279-இல் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகூட முழுப் புழுவாக மீண்டது. பிளேடை எடுக்கும் கை இதை நினைத்துத் தயங்கட்டும்.

பொறி செய்வது எளிது. மூடியுள்ள சிறு குப்பியின் பக்கவாட்டில், புழு நுழையவும் இறால் நுழையாமல் இருக்கவும் ஏற்றவாறு இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத துளைகள் இடுங்கள். உள்ளே ஒரு சிறு பச்சை இறைச்சித் துண்டை வைத்து, விளக்கணைத்தபின் சரளை மேல் படுக்க வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். விடியும்வரை விட்டால் வயிறு நிறைந்தவை வெளியேறிவிடும், இறைச்சியும் தண்ணீரைக் கெடுக்கும். பொறியால் எண்ணிக்கை குறையும், முழுமையாக ஒழியாது.

முழுமையாக ஒழிக்க இறால் வளர்ப்போர் நம்பிப் பயன்படுத்துவது இரண்டு. ஒன்று, விலங்குகளுக்குக் குடற்புழு நீக்கத் தரப்படும் ஃபென்பென்டசோல். மற்றொன்று, பாக்கிலிருந்து எடுக்கப்படும் சாற்றுப்பொடி. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் புழுவின் நரம்பு மண்டலத்தைச் செயலிழக்கச் செய்கிறது. இரண்டும் உரிய அளவில் இறாலுக்குப் பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. ஆனால் இரண்டுமே நத்தைகளுக்கு, குறிப்பாகப் பாசி தின்பதற்காக விரும்பி வளர்க்கப்படும் நெரைட் நத்தைகளுக்கு ஆபத்தானவை என்பதால், அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகே மருந்திட வேண்டும். ஃபென்பென்டசோல் இட்ட தொட்டிக்கு அவற்றைப் பல மாதங்களுக்குத் திருப்பிக் கொண்டுவரவும் கூடாது.

ஃபென்பென்டசோல் 22.2 விழுக்காடு உள்ள பொடியில், 38 லிட்டர் தண்ணீருக்கு 0.1 கிராம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இவ்வளவு சிறிய எடையைக் கண்ணளவில் எடுக்க முடியாது; மில்லிகிராம் காட்டும் சிறு தராசு தேவை. தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடும்போது சரளையும் கற்களும் அடைத்துள்ள இடத்தைக் கழித்துவிடுங்கள். பொடி தண்ணீரில் நன்றாகக் கரையாது என்பதால், சிறு குப்பியில் தொட்டித் தண்ணீருடன் சேர்த்து நன்கு குலுக்கி, ஓட்டம் உள்ள இடத்தில் ஊற்ற வேண்டும். வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் இருந்தால் முன்னரே எடுத்துவிடுங்கள். அது மருந்தை உறிஞ்சிவிடும். மூன்று நாட்கள் கழித்துத் தண்ணீரில் பாதியை மாற்றி, இறந்த புழுக்களைச் சைஃபனால் உறிஞ்சிவிட்டு, கார்பனைத் திரும்ப வையுங்கள். முட்டைக் கூடுகளிலிருந்து பின்னர் வெளிவருபவற்றுக்காக, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பொறி வைத்துப் பார்த்து, புழு சிக்கினால் மட்டும் இரண்டாம் முறை மருந்திடுங்கள்.

ஹைட்ரா

1740-களில் சுவிஸ் இயற்கையியலாளர் ஆபிரகாம் டிரெம்ப்ளே இந்தச் சிற்றுயிரை வெட்டி வெட்டிப் பார்த்து, ஒவ்வொரு துண்டும் முழு உயிராவதைக் கண்டு 1744-இல் நூலாக வெளியிட்டார். தலை வெட்ட வெட்ட முளைக்கும் கிரேக்கப் புராணப் பாம்பின் பெயரே இதற்கு நிலைத்தது. எனவே பிளனேரியாவைப் போலவே இதையும் சுரண்டித் தீர்க்க முடியாது. இதன் இழைகளில் கொட்டும் செல்கள் உள்ளன. வளர்ந்த மீனுக்கு அது ஒரு பொருட்டில்லை. பொரித்துச் சில நாளே ஆன மீன் குஞ்சுக்கு அது மரணம். மீன் குஞ்சுகளுக்கு இரையாக, ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் பொரித்த இளம் உயிர்களைப் போடும் தொட்டிகளில் ஹைட்ரா திடீரெனப் பெருகுவதற்குக் காரணம், அந்த உணவு அதற்கும் மிகப் பிடித்தமானது என்பதுதான்.

கௌராமி மீன்கள் பல ஹைட்ராவை விரும்பித் தின்னும். ஆனால் குஞ்சுகள் இருக்கும் தொட்டியில் அவற்றை விட்டால் குஞ்சுகளையும் தின்றுவிடும். குஞ்சுகளை முதலில் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுச் செய்தால் இது நல்ல வழி. மருந்துதான் வேண்டும் என்றால், மேலே சொன்ன அதே ஃபென்பென்டசோல் ஹைட்ராவிடம் இன்னும் விரைவாக வேலை செய்கிறது.

கையால் எடுக்க வேண்டியவையும் மீனைப் பற்றிக்கொள்பவையும்

செடியுடன் வந்த முட்டையிலிருந்து சில வேளை தட்டான், ஊசித்தட்டான் இளம்பூச்சிகள் வளர்ந்துவிடும். வால்முனையில் மூன்று இலைபோன்ற செதில்கள் இருந்தால் அது ஊசித்தட்டான். கீழ்த்தாடையைக் கைபோல் நீட்டிப் பிடிக்கும் இந்த வேட்டைக்காரர்கள் நாள்தோறும் இறால்களைக் குறைத்துக்கொண்டே இருப்பார்கள். மருந்தில்லை, இரவில் டார்ச் வெளிச்சத்தில் இடுக்கியால் பிடித்து எடுப்பதுதான். இரு முனையிலும் உறிஞ்சியை ஊன்றி வில்லாய் வளைந்து நடக்கும் அட்டையையும் அப்படியே எடுத்துவிடலாம்.

மீனின் உடலில் ஒட்டியிருக்கும் வட்டமான தட்டைப்பேன் ஆர்குலஸ். செதிலுக்கிடையிலிருந்து நூல்போல் நீட்டிக்கொண்டு, நுனியில் இரு முட்டைப்பைகள் தொங்குவது நங்கூரப்புழு எனப்படும் லெர்னியா. இவை இரண்டும் இரத்தத்தையும் உடல்நீரையும் உறிஞ்சும் ஒட்டுண்ணிகள். இங்கே காத்திருக்கக் கூடாது. மீனை ஈரத்துணியில் பிடித்து, இடுக்கியால் ஒட்டுண்ணியை அடிப்பகுதியோடு மெல்ல இழுத்து எடுத்து, தொட்டிக்கு டைஃப்ளுபென்சுரான் மருந்து இடுவது வழக்கம். பதிந்துவிட்ட லெர்னியாவை மருந்து எளிதில் கொல்லாது. தண்ணீரில் நீந்தும் அதன் இளம் பருவங்களையே கொல்லும் என்பதால், முட்டைகள் பொரிக்கப் பொரிக்க வாரக்கணக்கில் திரும்ப இட வேண்டியிருக்கும். ஓடு உருவாவதையே தடுக்கும் மருந்து ஆகையால் இறால்களையும் கொன்றுவிடும்.

செடி உள்ளே போகும் முன்

பெரும்பாலான சிற்றுயிர்களுக்குச் செடியே வாகனம். நுண்திசு வளர்ப்பில் உருவாகி மூடிய கிண்ணத்தில் வரும் செடிகள் இந்தக் கவலையற்றவை. மற்றவற்றை ஓடும் நீரில் கழுவி, இலைகளின் அடிப்பகுதியைப் பார்த்து, முட்டைத் திட்டுகளைச் சுரண்டிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி படிகாரம் கரைத்து ஒரு நாள் ஊறவிடலாம். அனுபியாஸ் போன்ற தடித்த இலைச் செடிகளுக்கு, வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச்சில் ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணீர் கலந்து, இரண்டு நிமிடத்துக்கு மேற்படாமல் முக்கியெடுத்து, உடனே குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். மாஸ் எனப்படும் பாசிச் செடிகளும், நாடாபோல் நீண்ட இலையுள்ள வாலிஸ்னேரியாவும் ப்ளீச்சைத் தாங்காது. எந்த முறையானாலும், அதற்குப் பிறகு மூன்று நான்கு வாரங்கள் தனி வாளியில் வெளிச்சத்தில் வைத்திருந்தால், தப்பிய முட்டைகள் அங்கேயே பொரித்து நம் கண்ணில் பட்டுவிடும். எனக்கு எல்லா மருந்தையும்விட இந்த வாளியிடம்தான் நம்பிக்கை.

வெளியே எடுத்த நத்தைகளையும் கழித்த செடிகளையும் ஏரியிலோ கால்வாயிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். எக்காள நத்தை தன் தாயகத்துக்கு வெளியே பல நாடுகளின் நீர்நிலைகளில் ஊன்றிவிட்ட இனம். அங்கு அதைத் திரும்ப எடுக்க எவராலும் இயலவில்லை. அவற்றை ஒரு பையில் கட்டி, இரண்டு நாள் உறைவிப்பானில் வைத்த பிறகு குப்பையில் சேருங்கள். மருந்திட்ட தொட்டியின் தண்ணீரைத் திறந்த வடிகால்களில் விடாமல், வீட்டுக் கழிவுநீர்க் குழாயிலேயே ஊற்றுங்கள்.